அப்பா படித்த காமிக்ஸ்

"ஏம்மா, இந்தப் பசங்க ரெண்டு பேரும் எப்பப் பார்த்தாலும் மழையிலேயே நிக்கிறாங்களே, இவங்க ஊர்ல குடையே விக்க மாட்டாங்களா?"

பள்ளி விட்டு வந்த மினோரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய காமிக்ஸ் புத்தகங்கள் ஏழும் அப்பா இசாவோவின் முன்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜப்பானின் ஹகோடாதே நகரில் டிராம் ஓட்டும் அவருக்கு இன்று லீவு.

"என் ரூமுக்குள்ள போனீங்களா?"

"துணி வைக்கப் போனேன். கண்ணுல பட்டுச்சு."

"எவ்வளவு படிச்சீங்க?"

"மூணு பாகம்."

"அழுதீங்களா?"

"மூணாவதுல, லேசா."

மினோரி சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்தாள். பதினாறு வயது. முகத்தில் கூச்சமோ பயமோ கொஞ்சமும் இல்லை. இசாவோதான் கையிலிருந்த புத்தகத்தை மூடி மூடித் திறந்தார்.

"உங்க கிளாஸ்ல எல்லாரும் இதைப் படிக்கிறாங்களா?"

"பொண்ணுங்கள்ல பாதிப் பேர். பசங்க ஒளிச்சு வெச்சுப் படிப்பாங்க."

"ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கிறது... உங்களுக்கு விசித்திரமாத் தெரியலையா?"

"அப்பா, இது காமிக்ஸ். இதுல எல்லாரும் அழகா இருப்பாங்க, யாரும் பாத்திரம் கழுவ மாட்டாங்க. நிஜம் இப்படி இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"நிஜத்துல அப்படி ஒருத்தர் இருந்தா?"

"எங்க கிளாஸ்லயே இருக்கான், டோகாஷின்னு. போன வருஷம் அவனே எல்லார்கிட்டயும் சொன்னான். ரெண்டு பேர் கிண்டல் பண்ணானுங்க. ஒரு வாரம் யாரும் அவனுங்களோட பேசல. அடங்கிட்டானுங்க."

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"அவருக்குத்தான் பேச்சே வரல. பெரியவங்களுக்குத்தான்பா இதெல்லாம் கஷ்டம்."

இசாவோ தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"கிளாஸ்ல இருந்தா சரி. வீட்டுக்குள்ளேயே இருந்தா?"

மினோரி உரிப்பதை நிறுத்தினாள். "யாரு, நானா?"

"நீ இல்லம்மா."

மனைவி பிரிந்துபோன ஒன்பது வருடத்தில் மகளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்தது வரை எதற்கும் தடுமாறாத மனிதர், இப்போது அடுக்கியிருந்த புத்தகங்களையே மறுபடி மறுபடி அடுக்கினார்.

"எங்க டிப்போ மெக்கானிக் குராமோச்சி இருக்காரே, நம்மளோட மீன் பிடிக்க வருவாரே... அவர் எனக்கு வெறும் நண்பர் இல்லம்மா. ஆறு வருஷமா. இந்த வீட்டுக்கே வந்துடட்டுமான்னு கேக்கறார். நீ வேண்டாம்னா வேண்டாம். இதை உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் உன் புத்தகத்தையெல்லாம் எடுத்துப் படிச்சேன்."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். மினோரி ஒரு சுளையை அவர் கையில் வைத்தாள்.

"உங்க வாயால வரட்டும்னுதான்பா காத்துக்கிட்டிருந்தோம். அவர் போன மாசமே கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு, கேக் டப்பாவோட என்னைப் பார்க்க வந்து, பொண்ணு கேக்கற மாதிரி முறைப்படி உங்களைக் கேட்டுட்டுப் போயிட்டார். நானும் சரின்னு சொல்லிட்டேன்!"