எடுக்கல

சாவியைத் திருப்பினேன். எடுத்தது.

இது பதினேழாவது தடவை. மூன்று நாளாக இந்த கார் என் பட்டறையில் நிற்கிறது. ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. மக்கர் பண்ணியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

“என் கையில நல்லா எடுக்குதுண்ணே. அவ கையில மட்டும் எடுக்க மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டுதான் வாத்தியார் முதலில் வந்தார். அவருடைய மனைவிதான் இதில் வேலைக்குப் போய் வருகிறவர்.

விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் நான் எடுத்தவுடன் ஸ்பானரைத் தொட மாட்டேன். எப்போது எடுத்தது, எப்போது எடுக்கவில்லை, அப்போது என்ன நிலவரம் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வேன். பாதிக் கோளாறு அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த அம்மா மூன்று வாரம் எழுதியிருந்தார். மணிமணியான கையெழுத்து.

‘திங்கள். மழை. எடுக்கல.’

ஈரம்தான் என்று முடிவு கட்டினேன். இன்ஜின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எடுத்தது.

‘புதன். பள்ளிக்கூடம் விடும் நேரம். எடுக்கல.’

சாயங்காலம் வரை வெயிலில் நின்ற சூடாக இருக்கும். சூடு ஏறினால் சென்சார் படுத்துவிடுவது உண்டு. என் மனைவி தலைமுடி உலர்த்துகிற மிஷினைக் கொண்டுவந்து சென்சாரைச் சுடச்சுட வறுத்தேன். எடுத்தது. மிஷின்தான் படுத்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

‘வெள்ளி. எதிரில் லாரி. எடுக்கல.’

இங்கேதான் எனக்கு மண்டை காய்ந்தது. எதிரில் லாரி நின்றால் இன்ஜினுக்கு என்ன வந்தது?

பேட்டரி, செல்ஃப் மோட்டார், பிளக், வயர் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் கல் மாதிரி இருந்தன. இந்த வண்டியில் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று, வலது பக்க முன் மட்கார்டின் பெயிண்ட்.

“ரெண்டு மாசம் முன்னாடி ஒரு லாரி உரசிட்டுப் போயிடுச்சு. நல்லவேளை, அவளுக்கு ஒரு கீறல்கூட இல்ல” என்றிருந்தார் வாத்தியார். அடி இன்ஜின் வரை போகவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

இன்று மதியம் அவர் போன் செய்தார். இன்றைக்குள் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவாராம். வாங்க ஆள் பேசிவைத்துவிட்டாராம், அந்த ஆள் நாளைக் காலையில் வருகிறாராம். மூன்று நாள் முழித்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று வண்டியைத் திருப்பித் தர எனக்கு மனசே வரவில்லை.

கடைசி முயற்சியாக, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. திரும்பச் செருகிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எடுக்காத நாட்களை விட்டுவிட்டு எடுத்த நாளைத் தேடினேன்.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள் இருந்தது.

‘ஞாயிறு. காலை ஆறு மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. எடுத்தேன்.’

டீ ஆறிப்போனது. வண்டி எடுத்திருந்தால் ‘எடுத்துச்சு’ என்றுதானே எழுதுவார்கள்?

பழைய பக்கங்களுக்குப் போய் முதலிலிருந்து படித்தேன். மழை. பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடக்கிற நேரம். லாரி.

அந்த அம்மா ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. ‘எடுக்கல’ என்றால் வண்டியையும் சொல்லும், ஆளையும் சொல்லும். நாங்கள் ரெண்டு ஆம்பிளைகளும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். வேலை முடிந்து கைப்பையோடு நேராக வந்தார். டிரைவர் கதவுப் பக்கம் வரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“கோளாறு கிடைச்சுடுச்சாண்ணே?”

கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேனா என்று கேட்கிற குரல்.

நோட்டைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமையின் கடைசி வார்த்தையில் விரலை வைத்தேன்.

அவர் அந்த வார்த்தையைப் பார்த்தார். “சாவி வரைக்கும் கை போகும். அதுக்கு மேல போகாது” என்றார். “அவர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப வண்டியையும் வித்துட்டா அவ்வளவுதாண்ணே. இனிமே ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன்.”

“லூஸ் கனெக்‌ஷன், ஓட ஓடத்தான் சரியாகும்னு அவர்கிட்ட சொல்லிடறேன். எடுங்கம்மா, நான் சத்தம் கேக்கணும்.”

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தேன்.

அவர் ஏறினார். சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார், இன்னொரு தடவை திருப்பினார். பெல்ட் போட்டார். சாவியைச் செருகிய கை அப்படியே நின்றது. வெளியே ஒரு பஸ் போய் முடிகிற வரைக்கும் நின்றது.

திருப்பினார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

எடுக்கவில்லை.

மறுபடி திருப்பினார். எடுக்கவில்லை.

மூன்று நாளாகத் தேடிய கோளாறு இப்போதா வரவேண்டும்? அப்புறம்தான் உறைத்தது. ரிலே. டீ அவசரத்தில் பாதிதான் செருகியிருக்கிறேன்.

இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினேன். அவரும் இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நோட்டில் எழுத முதல்முறையாக ஒரு நிஜமான காரணம் கிடைத்திருக்கிறதே.

ரிலேயை அழுத்தி, பானெட்டை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. என் அசடு வழிகிற முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

சாவியிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.