அம்மாவின் குரலில் ஓர் ஆட்டம்

ஜவ்வாது மலையில் பழங்குடிச் சபை நடத்தும் சூதாட்ட விடுதிக்குச் செல்லக்கிளிதான் சோதனை அதிகாரி. நகரத்துக் கம்பெனி புதிதாக இறக்கியிருந்த இயந்திரங்களில் ஒன்றின் முன் அன்று காலை அவளும் ஓர் ஆட்டக்காரி போல உட்கார்ந்தாள். சில ஆட்டங்கள் தோற்றுவிட்டு எழுந்தாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ கிளி," என்றது இயந்திரம். இறந்துபோன அவள் அம்மாவின் குரல், அதே கொஞ்சல்.

செல்லக்கிளி நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். வரிசை வரிசையாக மனிதர்கள், ஆளுக்கொரு பிரியமானவரின் குரலில் கொஞ்சும் திரையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

கம்பெனியின் மேலாளர் மதிவாணனைக் கூப்பிட்டாள். "இத நிறுத்துங்க."

"அரசாங்க லைசென்ஸ் இருக்குங்க மேடம். ஆடுறவங்க போன்ல இருக்கற பழைய பதிவுலருந்து குரல் எடுத்து வைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல."

"இந்த மலையில சபையோட அனுமதியும் வேணும். அத ரத்து பண்ற அதிகாரம் எனக்கு இருக்கு. எங்கம்மா எங்கப்பாவச் சீட்டாட்டத்துலருந்து சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்தவ சார். அவள வச்சா என்னைய உக்கார வைக்கிறீங்க?"

அவளே போய் மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரங்களுக்கு முத்திரை வைத்தாள். குரல்கள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. ஆட்டக்காரர்கள் தூங்கி எழுந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் இருந்த ஒருவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வீட்டுல சோறு ஆறிப்போயிருக்கும்," என்று கிளம்பினார். அவர் பின்னால் கூடமே எழுந்து வெயிலுக்குள் நடந்தது. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் செல்லக்கிளி.