விரல் காட்டிய இடம்

நோட்டு அவள் மடிக்கு வந்துவிட்டது. பேனாவும் வந்துவிட்டது.

அவள் கையெழுத்துப் போடவில்லை.

சுதந்திர தினக் கிராமசபைக் கூட்டம். வழக்கமாக முப்பது பேர் வந்தாலே பெரிய காரியம். இன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் தொண்ணூறு பெண்கள். இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவள் கூட்டி வந்தவர்கள்.

ஊருக்கு மேற்கே கல்குவாரி. வெடி வைக்கிறபோதெல்லாம் அவள் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் கூடும். ஜூன் மாதம் கூரைக் காரை பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை அப்போது அவள் இடுப்பில் இருந்தது.

குவாரியை மூடச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

அடிதடி வரும் என்று நினைத்து வந்தாள். வந்தது கேசரி.

தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஊராட்சிச் செயலர் இன்பராஜ் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கோரிக்கையைச் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

"எழுதிருவோம்க்கா. மொதல்ல எல்லாரும் கையெழுத்தப் போட்ருங்க. தீர்மானத்த நான் சாயங்காலம் நிதானமா எழுதிக்கிடுதேன்."

அதுதான் அவளுக்கு இடித்தது. ஆறு வருஷத்தில் இந்த ஆள் அவளைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

இன்பராஜின் விரல் தாளின் அடியில் ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நூறு நாள் வேலையில் எல்லோருக்கும் பழகிய விரல். அது காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை. ஏன் என்று கேட்டால் மறுவாரம் பெயர் இருக்காது. ஊரே அப்படிப் பழகியிருந்தது. அவளும்தான்.

விரலுக்கு மேலே, தேதியைத் தவிர, முழுத் தாளும் வெறுமையாக இருந்தது.

அவள் ஒரு தாளைப் பின்னால் புரட்டப் போனாள்.

விரல் சட்டென்று அழுந்தியது.

தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் விலகியது.

மே தினக் கூட்டத்தின் பக்கம். இன்பராஜின் மணிமணியான எழுத்து. குவாரியை இன்னும் ஐந்து ஏக்கர் விரிவாக்க ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

கீழே கையெழுத்துகள். மூன்றாவது அவளுடையது.

அன்றைக்கு வருகைப் பதிவு என்றுதான் சொன்னார்கள். டீ ஆறிவிடுமே என்று அவசரமாகப் போட்டாள். தொட்டிலில் விழுந்த காரைக்கு அவளே சம்மதம் கொடுத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் அவமானமாக இருந்தது.

நாலாவது கையெழுத்து மாரிக்கனியுடையது.

மாரிக்கனி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமும் கூடவே வாசல் வாசலாக வந்தவள். இவளுக்கு முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் கூட வந்தாளா?

மாரிக்கனி கேசரி தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் இன்றைய தாளுக்குத் திரும்பினாள். தேதிக்குக் கீழே, குவாரியை மூட வேண்டும் என்று தானே எழுதினாள். கொட்டை எழுத்துகள். ஒன்றிரண்டு கோணலாகப் போயின. மிச்ச இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"என்னக்கா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

இன்பராஜ் சிரித்தபடியே நோட்டுக்குக் கை நீட்டினார்.

அவள் அதை மாரிக்கனி மடியில் வைத்தாள். வைத்துவிட்டு மாரிக்கனியின் கையையே பார்த்தாள்.

மாரிக்கனி கேசரிக் கையைச் சேலையில் துடைத்தாள். பேனாவை வாங்கவில்லை.

ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள்.