ஒரு முழுப் புழு

ஆறு குஞ்சுகளும் முதல் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டன. கோழி பழக்கதோஷத்தில் குப்பையைக் கிளறினாள். கொழுத்த புழு ஒன்று கிடைத்தது. உடனே, "கொக் கொக், ஓடி வாங்க!" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு வாத்து சிரித்தாள். "யாரைடி கூப்பிடுறே? நீயே தின்னு."

"நானா? குஞ்சு பொரிச்சதுலேர்ந்து முழுசா ஒண்ணு தின்னதே இல்லையேக்கா!"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணை மூடி விழுங்கினாள்.

"அக்கா, புழு இவ்வளவு ருசியாவா இருக்கும்!"

மதியத்துக்குள் குப்பைமேடு முழுவதையும் கிளறி முடித்தாள்.

சாயங்காலம் குஞ்சுகள் ஓடி வந்து, "அம்மா, நாங்க இல்லாம அழுதியா?" என்று கேட்டன.

"அழாம இருப்பேனா?" என்று அலகைத் துடைத்துக்கொண்டாள் கோழி. "ஆமா, நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டுதானே?"