ப்ளக்கைப் பிடுங்கியது யார்?

“என் வண்டி ப்ளக்கை எந்தப் புண்ணியவான் பிடுங்கினது?”

வேர்க்க விறுவிறுக்க மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த தையல்காரி, குடியிருப்பின் கேட்டிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

பின்னே, கோபம் வராதா? காலையில் கீழே ஷெட்டில் சார்ஜ் போட்டுவிட்டு மேலே போனாள். உடுப்பைத் தைத்து முடித்து இறங்கி வந்தால் ப்ளக் கழன்று தொங்குகிறது. கல்யாணப் பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். இருக்கிற சார்ஜில் போய்விடலாம் என்று கிளம்பினாள். பாலத்து ஏற்றத்தில், ‘இதோடு சரி’ என்று வண்டி நின்றுவிட்டது.

பெண்ணின் அம்மா அங்கேயே வந்து உடுப்பை வாங்கிக்கொண்டாள். “இனி உன்கிட்ட துணி கொடுத்தா என்னைக் கேளு” என்று நடுரோட்டில் வைத்துச் சொல்லிவிட்டும் போனாள்.

சத்தம் கேட்டுக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார்.

“உனக்குமா? முந்தாநாள் நானும் பாதி வழியில நின்னேம்மா. சந்தேகமே வேண்டாம், கேமரா வேலைதான்.”

கேமரா என்றால் நிஜக் கேமரா இல்லை. கீழ் வீட்டு அக்கா. ஷெட்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், யார் வந்தார், யார் போனார், கையில் என்ன பை என்று அத்தனையும் பதிவாகிவிடும். அதனால் மாடி வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்.

“அவங்களுக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாதே சார். நம்ம வண்டி என்ன பண்ணுச்சாம்?”

“நாம வண்டியில போறது கண்ணை உறுத்துது, வேறென்ன? ப்ளக்கைப் பிடுங்குன்னு எந்த விதியில இருக்கு? அதோ பாரு, நானே ஒட்டினேன், எனக்குத் தெரியாதா?”

ஷெட் சுவரில் ‘மின் வாகன பேட்டரி பாதுகாப்பு விதிகள்’ ஒட்டியிருந்தது. போன மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, கூட்டம் போட்டு, ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினார். எல்லோரும் தலையாட்டி, கை தட்டி, டீ பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. தையல்காரி நேரே போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்; செயலாளரும் பின்னாலேயே வந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தது. அக்கா ஈரக் கையோடு நின்றாள்.

“அக்கா, என் ப்ளக்கைப் பிடுங்கினது நீங்கதானே?”

“ஆமா.”

தையல்காரிக்குச் சப்பென்று போய்விட்டது. அக்கா இல்லையென்று சாதிப்பாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று கதவு திறப்பதற்குள் வசனம் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

“கூசாம சொல்றீங்களே! என் பொழப்பே அந்த வண்டியிலதான் ஓடுது, தெரியுமா?”

“உன் வண்டி மட்டுமா? இதோ நிக்கறாரே, இவர் வண்டி ப்ளக்கையும்தான் பிடுங்கினேன். எல்லாத்தையும் பிடுங்கினேன்.”

“கேட்டுக்கோம்மா, வாக்குமூலம்!” என்றார் செயலாளர்.

“எதுக்குக்கா?”

அக்கா செயலாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆம்பிளைங்க முன்னாடி சொல்ல வைக்கிறியே... எனக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி எழுந்து பாத்ரூம் போகணும்.”

“அதுக்கும் என் ப்ளக்குக்கும் என்னக்கா சம்பந்தம்?”

“நான் எழுந்து போயிட்டா இங்க யாரு இருக்கா?”

தையல்காரி திருதிருவென்று விழித்தாள்.

“கூட்டத்துல அந்த அதிகாரி என்ன சொன்னாரு? பக்கத்துல ஆள் இல்லாம சார்ஜ் போடாதீங்க. புகை வந்தா, புஸ்ஸுன்னு சத்தம் கேட்டா, கிட்டப் போகாதீங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டுத் தீயணைப்புக்குப் போன் பண்ணுங்கன்னு சொன்னாரா இல்லையா? நீங்க தலையை ஆட்டிட்டு, மறுநாளே ப்ளக்கைச் சொருகிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. புகை வந்தா உங்களைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டாமா? அதான் உட்கார்ந்திருக்கேன். எழுந்து போறப்ப மட்டும் பிடுங்கி விட்டுட்டுப் போறேன்.”

செயலாளர், தானே ஒட்டிய விதிகளை முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அப்போ... திரும்பி வந்ததும் சொருகி விட்டிருக்கலாமேக்கா?”

“பிடுங்கற அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். சொருக பயமா இருக்கே!”

சிரிப்பு வந்தது தையல்காரிக்கு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். ஷெட்டுக்கு நேர் மேலே அவள் வீட்டு ஜன்னல். உள்ளே தரையிலிருந்து கூரைவரை துணி.

விறுவிறுவென்று மாடியேறினாள்.

“கோபம் போல” என்றார் செயலாளர். தன் வண்டியின் ப்ளக்கைச் சொருகிவிட்டு, அவரும் நைசாக வீட்டுப் பக்கம் நகர்ந்தார்.

தையல்காரி திரும்பி வந்தாள். ஒரு கையில் நாற்காலி, இன்னொரு கையில் கொக்கி தைக்க வேண்டிய துணிகளோடு ஒரு பை. அக்காவின் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியைப் போட்டாள்.

“இந்த வேலையை இங்க உட்கார்ந்தும் செய்யலாம். இனி நீங்க நிம்மதியா உள்ள போயிட்டு வாங்கக்கா, நான் பார்த்துக்கறேன்.”

“நல்லா யோசிச்சுக்கோடி” என்றாள் அக்கா. “நாளைக்கு உன்னையும் கேமரான்னுதான் கூப்பிடுவாங்க.”