யாரும் இறங்காத ஏரி

“ஏரிக்கரைச் சனம் ஒண்ணாவது எட்டிப் பாத்துச்சா?” என்றாள் பக்கத்துக் குடிசை வேலம்மா, காலிக் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்தபடி.

“வந்தா மட்டும் அவங்க கையால வாங்கிடுவோமா?” என்றாள் லோகநாயகி.

குப்பத்தார் வாங்க மாட்டார்கள்தான். ஆனாலும் ஏரிக்கரையார் வராதது லோகநாயகிக்கும் கோபம்.

உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டைக் கொடிமரத்தையே சாய்த்த புயல். கடலோரக் குப்பத்தில் ஒரு கட்டுமரமோ வலையோ மிஞ்சவில்லை. திருப்பாலைவனம் ஊர்க்காரர்கள் வண்டி கட்டி மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தார்கள். மகராசர்கள்! நாலாம் நாள் வண்டி வரவில்லை. அவர்கள் வயலிலும் வெள்ளம். பாவம், எத்தனை நாளைக்குத்தான் ஊற்றுவார்கள்?

புது வலை பின்ன ஒரு மாதமாவது ஆகும். லோகநாயகியின் பிள்ளைகள் இரண்டும் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

வெட்கத்தை விட்டு ஏரிக்குப் போனாள். வலையில்லாமல் வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது ஏரிக்கரைச் சனத்தின் பிழைப்பு. கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கேவலமாகப் பேசுவார்கள். அவளும் பேசியிருக்கிறாள்.

ஏரியில் ஒரு தலையும் தெரியவில்லை. முழங்காலளவு நீரில் குந்தித் துழாவினாள். கை வைத்த இடமெல்லாம் இறால்!

“யாரது?”

கரையில் முத்தம்மாள், ஏரிக்கரைக்காரி. லோகநாயகி முந்தானையில் போட்டிருந்த இறாலை மறைத்தாள். அடுத்தவர் பிழைப்பில் கை வைத்துக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

முத்தம்மாள் இறங்கி வந்து இறால் போடும் தன் ஓலைப் பறியை நீட்டினாள்.

“முந்தானையில போட்டா துள்ளிப் பூடும். இதோட கயித்தைப் பல்லுல கடிச்சிக்கோம்மா. அப்பத்தான் ரெண்டு கையாலயும் துழாவலாம்.”

“இவ்ளோ இறால் கீதே... நீங்க யாரும் இன்னாத்துக்கு இறங்கல?”

“புயலடிச்ச நாள்லேர்ந்தே இறங்கல. வலை போனவங்க வந்து துழாவுனா ஏதாச்சும் கிடைக்கணுமேனு வுட்டு வச்சிருக்கோம்.”

“அப்ப நீங்க இன்னா துன்றீங்க?”

“காட்டுக் கிழங்குதான். சுட்டது மடியிலகூடக் கீது.”

“ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே!”

“நாங்க குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. ஏரி குடுத்தா வாங்கிப்பீங்கல்ல?”

லோகநாயகி சேற்றுக் கையைக் கழுவிவிட்டு நீட்டினாள்.

“அந்தக் கிழங்குல ஒண்ணு குடு அக்கா. பசிக்குது.”