அம்மாவுக்கு ஒரு சேலை

பிரான்சின் லாச்சப்பல் பகுதிப் புடவைக் கடையில் ஜெகதீஸ்வரிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு அம்மாட்டைப் போறன் அண்ணை! நல்ல பச்சைச் சேலையாய் எடுங்கோ." அருகில் மகள் சுமி துள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் காணி பூமி இருக்கோ?" என்றார் கடைக்காரர் வாமதேவன்.

"ஒரு துண்டு வயல்தான் மிச்சம். மற்றதை எனக்காண்டி வித்துப்போட்டா."

"பிரான்சுக்கு அனுப்பத்தானே? எங்கடை அம்மாவும் அப்பிடித்தான்."

"இல்லை, சுமியைப் பெறேக்கை ஆசுப்பத்திரிச் செலவுக்கு. ஊசியும் தாங்கோ, அவவுக்குச் சேலை கட்டத் தெரியாது."

வாமதேவன் திகைத்தார். "யாழ்ப்பாணத்திலை சேலை கட்டத் தெரியாத அம்மாவோ?"

"அம்மா ஜாவாவிலை கமம் செய்யிறவா அண்ணை! அவுஸ்திரேலியாவுக்குப் போன படகு உடைஞ்சு, வயித்துப்பிள்ளையோடை கரையொதுங்கின என்னை மகளெண்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவா."

"அப்ப ஆர் கட்டிவிடுறது?"

"பேத்திதான்! அம்மான்ரை பேரைத்தான் இவளுக்கு வைச்சனான், சுமியாத்தி."